கொள்ளுப்பேரனுக்கு ஒரு கல்

ஒரு காட்டில் வெயில் மலையேறத் தொடங்கியது.

அவசரப்பட்டு ஏறவில்லை. வருஷத்துக்கு ஒரு பனை உயரம், அவ்வளவுதான். அடிவாரத்து உடைமரங்களைக் காயப்போட்ட வெயில் மறுவருஷம் மூங்கில் புதருக்கு வந்தது. அதற்கு மறுவருஷம் ஓடைக்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. வெயில் ஒரு படி ஏறினால், விலங்குகள் அதற்கு முன்னால் இரண்டு படி ஏறின. ஏறியவர்கள் எல்லாரும் மேலே இருந்தவர்களிடம் ஒன்றைத்தான் சொன்னார்கள்: "கொஞ்ச நாளைக்குத்தான். தணிஞ்சதும் இறங்கிருவோம்." மேலே இருந்தவர்களும் "அதுக்கென்ன, இருங்க" என்றார்கள். சொல்லிவிட்டு அவர்களும் மூட்டையைக் கட்டிக்கொண்டு இன்னும் மேலே போனார்கள்.

கதையில் நரி எங்கே என்று தேட வேண்டாம். நிலைமையைப் பார்த்துவிட்டு நாலு வருஷத்துக்கு முன்பே அது குடும்பத்தோடு பக்கத்து மலைக்குக் குடிபோய்விட்டது. ஆகவே இனி இந்தக் காட்டில் நடக்கப்போகும் கூத்து முழுவதும் நல்லவர்கள் மட்டுமே கூடிச் செய்தது.

அந்த நல்லவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் ஊற்றில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வரிசையில் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம்தான் நிற்பது? அதனால் ஒவ்வொருவரும் தன் இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். கல் அவர்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்கும். அந்தக் கல்லை யாரும் எத்தமாட்டார்கள், நகர்த்தமாட்டார்கள். ஒருமுறை புலி கல் வைத்துவிட்டுப் போய் ஒரு மானை அடித்துத் தின்றுவிட்டு வந்தது. வந்து பார்த்தால் வரிசையில் அந்த மானின் கல் புலியின் கல்லுக்கு முன்னால் இருந்தது. புலி அந்தக் கல்லைத் தொடவில்லை. மானின் கல்லுக்கு முறை வந்து, அதற்குரிய தண்ணீர் கல்லின்மேல் சொட்டி முடியும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் குடித்தது. அப்படிப்பட்ட ஒழுங்கு.

இந்தக் காட்டில் அரியநாச்சி என்றொரு சருகுமான் இருந்தாள். முயலைவிடக் கொஞ்சம் பெரியவள். கொம்பு கிடையாது. நாலு காலும் நாலு பென்சில். அவள் புருஷன் ஆவணி மாதம் "என்னமோ சத்தம் கேக்குது, என்னன்னு பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பியவன். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான். போன சித்திரையில் அவளுக்கு ஒரு குட்டி பிறந்தது. ஓடை வற்றி, அவள் படுத்திருந்த சருகெல்லாம் தோசைக்கல்லாகக் கொதித்த நேரம். குட்டி மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பேச்சு வந்தால் வேறு பக்கம் திரும்பி இலை பொறுக்குவாள்.

இப்போது அவள் மறுபடியும் சினையாக இருந்தாள்.

தை மாதம் காட்டில் பெரிய கூட்டம் நடந்தது. தலைவி பெரியநாயகி யானை. அவள் எழுந்து நின்று தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நமக்கு என்ன? நம்ம காலம் எப்படியோ ஓடிரும். நம்ம பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு? அதுங்க பிள்ளைங்க? பிறக்காத அந்தப் பேரன் பேத்திங்க நாளைக்கு நம்மளப் பாத்து, 'ஏ ஆச்சி, எங்களுக்கு எதை மிச்சம் வச்சே'ன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

கூட்டம் முழுவதும் அழுதது. கரடி தேம்பித் தேம்பி அழுதது. அழுகைக்கு நடுவே ஒரு தீர்மானம் நிறைவேறியது. மலை உச்சியில் குளிர்மேடு என்று ஒரு புல்வெளி உண்டு. அங்கே சித்திரையிலும் பனிமூட்டம் இறங்கும். புல் அந்த ஈரத்தைத் துளித்துளியாய்க் குடித்து மண்ணுக்குள் அனுப்பும். கீழே ஊற்றில் சொட்டுவது அதுதான். காட்டில் குளிர்ச்சி மிச்சமிருந்த ஒரே இடம். அந்தக் குளிர்மேடு இனி எதிர்காலச் சந்ததிக்கு மட்டுமே. நிகழ்காலத்தவர் யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது. பிறக்கப்போகிற தலைமுறைக்கு வேண்டிய இடத்தை, அவரவர் வழக்கப்படி, கல் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் தொண்டையைக் கனைத்தார். குன்றுடையார் என்ற கிழட்டு வரையாடு. பிறந்ததிலிருந்து குளிர்மேட்டிலேயே இருப்பவர்.

"அம்மா, நான் அங்கதானே இருக்கேன்?"

"கல்லு வச்சிருக்கீகளா அண்ணாச்சி?"

"நானே நிக்கும்போது கல்லு எதுக்கு?"

"நிக்கிறவுக எந்திரிச்சுப் போயிருவாக. கல்லு போகுமா?" என்றாள் பெரியநாயகி. கூட்டம் காதுகளை ஆட்டி ஆமோதித்தது.

அரியநாச்சி இந்தக் கூட்டத்தில் கடைசி வரிசையில், கரடியின் முதுகைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டது பாதிதான். "குளிர்மேடு பிள்ளைகளுக்கு" என்ற பாதி. அது போதுமே. அன்றைக்கே ஓடையில் ஒரு கூழாங்கல்லைத் தேர்ந்தெடுத்தாள். நெல்லிக்காய் அளவு. சருகுமானுக்குக் கை கிடையாது. வாயால் கவ்வினால் பல் கூசுகிறது. மூக்கால் தள்ளித் தள்ளி உருட்டிக்கொண்டு போனாள். கல் இரண்டடி ஏறும், ஒன்றரை அடி இறங்கும். பாதி வழியில் ஒருமுறை ஓடை வரைக்கும் உருண்டு போய்விட்டது. அவள் இறங்கிப் போய், அங்கே கிடந்த நூறு கல்லில் தன் கல்லையே தேடி எடுத்து, மறுபடியும் உருட்டினாள்.

உச்சிக்கு வந்து சேர்ந்தபோது பங்குனி பிறந்துவிட்டது. மூக்கு நுனியில் தோல் இல்லை.

குளிர்மேட்டில் புல்லைக் காணவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை கல். உருண்டைக் கல், தட்டைக் கல், இரண்டு பேர் சேர்ந்து தூக்கிய பாறைத் துண்டு. பன்றிக் கூட்டத்தின் கற்கள் ஒரு பக்கம் குவியலாகக் கிடந்தன. யானைகள் ஆளுக்கொரு பாறையை உருட்டி வைத்திருந்தன. கல் சுமந்து களைத்தவர்கள் அங்கங்கே நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, தங்கள் வாரிசுகளைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

பக்கத்தில் ஒரு கருமந்தி கற்களை வரிசையாக அடுக்கி, தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் தாண்டவன்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு ஓரமா என் கல்லை வச்சுக்கிடட்டுமா?"

"ஏ தங்கச்சி, பாத்து! மிதிச்சிராத. அது என் மூத்த பேத்தி."

அரியநாச்சி சட்டென்று காலைத் தூக்கி அடுத்த இடத்தில் வைத்தாள்.

"அது அவ புருஷன்."

"மன்னிச்சிருங்க. அப்போ இது?"

"என் கொள்ளுப்பேரன். தங்கமான பய. இந்த வரிசை மொத்தமும் நம்ம ஆளுகதான். ஏழு தலைமுறைக்கு வச்சாச்சு."

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க அண்ணாச்சி?"

தாண்டவன் வெட்கத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டான். "எனக்கா? இன்னும் பொண்ணே அமையல. பாத்துக்கிட்டிருக்காக. எடம் வசதி இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அமையும்?"

கொஞ்சம் தள்ளி, தாண்டவனின் வரிசை முடியும் இடத்தில், குன்றுடையார் நின்றிருந்தார். அவரை இறக்கிவிட யாருக்கும் மனம் வரவில்லை; சுற்றிலும் கல்லை மட்டும் வைத்துவிட்டார்கள். நாலு குளம்பையும் ஒரு சாண் இடத்தில் ஒடுக்கி, முக்காலியின்மேல் ஏறிய ஆள் மாதிரி நின்றார். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே நீட்டிக்கொண்டிருந்த ஒரே ஒரு புல்லை ரொம்ப நேரமாகப் பார்த்தார். பிறகு, தின்றால் தீர்ந்துவிடும் என்று தோன்றியதோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கல்லு வைக்கணும்னா ஆபீசுல பதியணும்," என்றான் தாண்டவன். "பதியாத கல்லு வெறும் கல்லு."

குளிர்மேடு எதிர்காலச் சந்ததியர் நல அலுவலகம் ஒரு நாவல் மரத்தடியில் இயங்கியது. எழுத்தர் பூதலிங்கம் என்ற முள்ளம்பன்றி. எழுதுவதற்குத் தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி, நாவற்பழச் சாற்றில் தொட்டு எழுதுவார். முதுகில் குறைந்தது ஆயிரம் பேனா இருக்கும். அரியநாச்சி மரங்கொத்தி கொத்திக் கொடுத்த டோக்கனோடு ஒன்றரை நாள் வரிசையில் நின்று, கடைசியில் அவர் முன்னால் போய், "படிவம் நிரப்பணும், ஒரு பேனா குடுங்க சார்" என்று கேட்டபோது அவர், "பேனா வெளிய குடுக்கிறதில்ல" என்றார்.

வேறு வழியில்லாமல் தேக்கிலைப் படிவத்தில் குளம்பைப் பதித்து நீட்டினாள். பூதலிங்கம் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"எதிர்காலச் சந்ததி எத்தனை?"

"ஒண்ணுதான் சார்."

"ஒண்ணா?" அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "சரி. உத்தேசமா எப்போ?"

"இன்னும் பத்து நாள்ல சார்." அவள் கொஞ்சம் திரும்பி வயிற்றைக் காட்டினாள்.

பூதலிங்கம் முள்ளைக் கீழே வைத்தார். "அப்போ அது எதிர்காலம் இல்லையேம்மா."

"இன்னும் பிறக்கலையே சார்."

"பிறக்கலைல்லா, அதனால நிகழ்காலமும் இல்ல. வயித்துல வந்துட்டதனால எதிர்காலமும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல உள்ளதுக்கு நம்மகிட்ட படிவம் கிடையாது."

"ஒரு குட்டி படுக்கிற எடம் போதும் சார். கீழ ஓடை வத்திப்போச்சு. சருகுல கால் வைக்க முடியல."

"நான் என்ன உனக்கு விரோதியா? சட்டத்தைச் சொல்லுதேன். நீ எப்போ வந்திருக்கணும்? கருவுல தங்குறதுக்கு முன்னாடி வந்திருக்கணும். அந்த மந்தியப் பாரு, கல்யாணத்துக்கே முன்னாடி வந்துட்டான். அதுக்குப் பேருதான் தொலைநோக்கு."

"இப்போ நான் என்ன செய்ய சார்?"

"நிகழ்காலத்தவங்க சாயங்காலத்துக்குள்ள மேட்டை விட்டு இறங்கிரணும்," என்றார் பூதலிங்கம். அப்போது ஒரு காற்று அடித்துப் படிவங்கள் படபடத்தன. அவர் அவள் உருட்டிக்கொண்டு வந்த கூழாங்கல்லை எடுத்து, "நல்ல கனமா இருக்கு" என்று இலைக் கட்டின்மேல் வைத்துக்கொண்டார்.

அரியநாச்சி இறங்கவில்லை. இறங்க முடியவில்லை என்பதுதான் சரி. பத்து நாள் என்று அவள் சொன்ன கணக்கு குட்டிக்குத் தெரியவில்லை. அன்று மத்தியானமே இடுப்பில் வலி கண்டுவிட்டது. படுக்க இடம் தேடினாள். எங்கே மடங்கி உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் தூரத்திலிருந்து கூச்சல் போட்டார். "எங்க அத்தை மகன் பேத்தி மேல சாயாத!" "ஏளா, அது ரெட்டைப் பிள்ளை, தள்ளு!" கடைசியில் குன்றுடையார் நின்ற இடத்தருகே வந்தாள். அங்கே யாரும் கூச்சல் போடவில்லை.

"தாத்தா," என்றாள். அதற்கு மேல் சொல்ல மூச்சு வரவில்லை.

குன்றுடையார் அவளைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். நாலு காலும் நிற்கவே போதாத தன் இடத்தைப் பார்த்தார். பிறகு முன்னங்கால் ஒன்றை மெதுவாக மடக்கித் தூக்கிக்கொண்டார்.

"இந்தக் காலு எடம் சும்மாதான் கெடக்கு. படுத்துக்க தாயி."

மறுநாள் விடியும் நேரத்தில், ஒரு வரையாட்டின் ஒற்றைக் குளம்பளவு இடத்தில், குட்டி பிறந்தது. உள்ளங்கையில் அடங்கும். பழுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி. அரியநாச்சி நக்கித் துடைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கற்களுக்கு நடுவே சரசரவென்று சத்தம் கேட்டது. பூதலிங்கம் கள ஆய்வுக்கு வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லாக எண்ணி, முள்ளால் தொட்டு, சாற்றில் எண் போட்டுக்கொண்டு.

அரியநாச்சி பாய்ந்து ஒரு பாறைக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள். குட்டியைக் கவ்வ நேரமில்லை.

சருகுமான் குட்டிகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒன்று தெரியும். பயம் வந்தால் ஓடாது. நாலு காலையும் உள்ளே இழுத்து, தலையை வயிற்றோடு புதைத்து, அப்படியே கிடக்கும். மூச்சுகூட வெளியே தெரியாது. குட்டி அப்படிக் கிடந்தது. உலகத்துக்கு வந்து ஒரு நாழிகைதான் ஆகியிருந்தது. ஆனாலும் பிரமாதமாகக் கிடந்தது.

பூதலிங்கத்துக்குக் கண் அவ்வளவு சரியில்லை. "நாலாயிரத்து நூத்திப் பத்து. நாலாயிரத்து நூத்திப் பதினொண்ணு. நாலாயிரத்து..." குட்டியின் முதுகில் முள் பட்டது. பாறைக்குப் பின்னால் அரியநாச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "...நூத்திப் பன்னிரண்டு." நாவற்பழச் சாறு முதுகில் ஈரமாக ஓடியது. குட்டி அசையவில்லை.

"ஏப்பா தாண்டவா! ஒன் வரிசையில நாப்பத்தொன்பதுன்னுதானே பதிஞ்சிருக்கு? இங்க அம்பது இருக்கே?"

தாண்டவன் இரண்டே தாவலில் வந்து சேர்ந்தான். குட்டியைப் பார்த்தான். அவனுக்குக் கண் நன்றாகவே தெரியும். ஒரு நிமிஷம் யோசித்தான். ஓர் இடம் சும்மா வருகிறது. வேண்டாம் என்று சொல்ல அவன் என்ன பைத்தியமா?

"ஆமா சார். ஒரு கொள்ளுப்பேரன் விட்டுப்போச்சு. நான்தான் சரியாச் சொல்லல."

"இப்படி அசால்ட்டா இருந்தா எப்படிப்பா? பிள்ளைங்க விஷயம்," என்று பூதலிங்கம் திருத்தி எழுதிக்கொண்டார்.

இப்படியாக அரியநாச்சியின் குட்டிக்குக் குளிர்மேட்டில் இடம் கிடைத்தது.

ஆனால் குளிர்மேட்டில் இப்போது குளிர் இல்லை. புல்வெளி முழுக்கக் கல்லை அடுக்கினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. கல்லுக்கடியில் புல் மஞ்சளாகி மட்கியது. மூட்டம் வழக்கம்போல இறங்கி வந்து பார்த்தது; உட்காரப் புல் இல்லாமல் பக்கத்து மலைக்குப் போய்விட்டது. நரி இருக்கும் மலைக்கு. பகலெல்லாம் கற்கள் வெயிலைக் குடித்து, சாயங்காலத்தில் அடுப்பு மாதிரி வெளியே விட்டன. கீழே ஊற்றில் சொட்டு நின்றது. மேட்டைப் பார்வையிட வந்த பெரியநாயகி ஒரு கல்லின்மேல் காலை வைத்து, "ஆத்தே!" என்று அலறிக் காலை உதறினாள்.

உதறிவிட்டு அவள் சொன்னது இதுதான்: "ஐயோ, பிள்ளைங்களுக்குச் சுடுதே!"

கூட்டம் மறுபடியும் கூடியது. கரடி மறுபடியும் அழுதது. குன்றுடையார் மூன்று காலில் நின்றபடியே சொன்னார்: "அம்மா, கல்லையெல்லாம் எடுத்திருங்க. ரெண்டு மழையில புல்லு வந்துரும். புல்லு வந்தா மூட்டம் வரும். எல்லாரும் இருக்கலாம், பிள்ளைகளும் இருக்கும்."

பன்றிகள் கொதித்தெழுந்தன.

"எங்க பேரனைத் தூக்கி எறியச் சொல்லுதாரு கெழவன்!"

"நாளைக்கு வாரவுகளுக்கு எதிரிவே நீரு!"

"மூணு காலு இருக்கும்போதே இந்தப் பேச்சு!"

குன்றுடையார் நாலாவது காலையும் கீழே வைக்கவில்லை.

தீர்மானம் இரண்டு நிறைவேறியது. ஒன்று: எதிர்காலச் சந்ததிக்கு வெயில் படாமல், நிகழ்காலத்தவர் முறைபோட்டு மேட்டில் நின்று கற்களுக்கு நிழல் தர வேண்டும். இரண்டு: காட்டில் மிச்சமிருக்கும் ஒரே மடுவிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து, வேளைக்கு ஒருமுறை கற்களின்மேல் தெளிக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் போதாதே என்று மிளா மான் ஒன்று முனகியதற்கு, "உனக்கு நீதான் முக்கியமா?" என்று கேட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

காட்டில் இதுவரை யாரும் எந்தக் குட்டிக்கும் கொடுக்காத கவனிப்பு நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் கல்லுக்குக் கிடைத்தது. காலையில் பெரியநாயகியே வந்து நிழலுக்கு நின்றாள். மத்தியானம் காட்டெருமை. வேளைக்கு ஒருமுறை தாண்டவன் தன் கொள்ளுப்பேரன்கள் வரிசைக்குப் பனிக்கட்டி மாதிரி குளிர்ந்த மடுத்தண்ணீரைத் தெளித்தான். முறை மாறும் இடைவெளியில், எருமை போய் யானை வருவதற்குள், அரியநாச்சி பாறைக்குப் பின்னாலிருந்து ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள்.

இரண்டாம் நாள் போனது. மூன்றாம் நாள் வந்தபோது அவள் பாறைக்குப் பின்னாலிருந்து இரை தேடக்கூட நகரவில்லை. குட்டியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு ஏறுகிறதா, இறங்குகிறதா. நாலாம் நாள் விடிந்தது. குட்டி பால் குடித்தது. அரியநாச்சி முதல்முறையாக ஒரு காய்ந்த இலையைப் பொறுக்கித் தின்றாள். அது ருசியாகக்கூட இருந்தது.

பதினோராம் நாள் குட்டி தும்மியது.

தவறு தாண்டவனுடையது. அன்றைக்குப் பெரியநாயகியும் பூதலிங்கமும் பார்க்கிறார்களே என்று, தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக, மூக்குப் பக்கமாகத் தெளித்துவிட்டான். சின்னத் தும்மல். பெரிய விலங்குகளுக்கு அது ஒரு தும்மலாகவே கேட்டிருக்காது. ஆனால் மேட்டில் நாலாயிரம் கல் மௌனமாக இருக்கும் இடத்தில் ஒன்று தும்மினால் கேட்கத்தான் செய்யும்.

பூதலிங்கம் முள்ளை உயர்த்தியபடி அப்படியே நின்றார். "கல்லு தும்முமா?"

"குளுந்த தண்ணி பட்டா..." என்று இழுத்தான் தாண்டவன்.

பெரியநாயகி குனிந்து, தும்பிக்கை நுனியால் குட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக, மெத்தென்று இருந்தது. உள்ளே எதுவோ படபடவென்று அடித்தது. தலைவியின் முகம் மாறியது. "பூதலிங்கம், இது உசுரோட இருக்கு!"

"அப்படின்னா விதிப்படி இது நிகழ்காலம் அம்மா," என்றார் பூதலிங்கம். "சாயங்காலத்துக்குள்ள இறக்கி விட்டிரணும். இதை வச்சவரு பொய்ப்பதிவு செஞ்சிருக்காரு. அவரோட வரிசை மொத்தமும் ரத்தாகும்."

தாண்டவன் குதித்து வந்து குட்டியின் முன்னால் நின்றான். "யாரு பொய்ப்பதிவு செஞ்சா? இது என் கொள்ளுப்பேரன்! மூக்கைப் பாருங்க, அப்படியே என் மூக்கு!"

"உமக்கு இன்னும் பொண்ணே அமையலையேவே?" என்றார் குன்றுடையார்.

"பொண்ணு அமையுறதுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் என்னவே சம்பந்தம்? பதிஞ்சிருக்கு. எண் போட்டிருக்கு. முதுகுல பாரும்!"

முதுகில் எண் இருந்தது. பூதலிங்கத்தின் கையெழுத்து. தான் எழுதியதைத் தானே தப்பு என்று எப்படிச் சொல்வது? அவர் வெகுநேரம் முள்ளைக் கடித்துக்கொண்டு யோசித்தார். பெரியநாயகியும் யோசித்தாள். எதிர்காலச் சந்ததிக்காகத் தொடங்கிய திட்டத்தில் ஒரு குட்டி உயிரோடு பிடிபட்டது என்று வெளியே தெரிந்தால் நன்றாகவா இருக்கும்?

கடைசியில் பூதலிங்கம் எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசித்தார்: "கல் எண் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தும்மியதாக வந்த புகார் விசாரிக்கப்பட்டது. அது காற்று. இனிமேல் அசையாமலும் தும்மாமலும் இருக்கும் பட்சத்தில் மேற்படி கல் தன் இடத்தில் தொடரலாம்."

எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். தாண்டவன் கொள்ளுப்பேரனின் தலையைத் தட்டிக்கொடுத்தான். அப்போதுதான் பூதலிங்கத்தின் கண் பாறைக்குப் பின்னால் போயிற்று. அரியநாச்சி, எல்லாம் மறந்து, பாதி உடம்பு வெளியே தெரிய நின்றிருந்தாள்.

"யாரு அது? நீ அந்த வயித்துப் பிள்ளைக்காரி இல்ல?"

"இப்போ வயித்துல ஒண்ணுமில்ல சார்."

"அப்போ சுத்தமான நிகழ்காலம். இங்க ஒனக்கு என்ன வேலை? கீழ இறங்கு."

அரியநாச்சி குட்டியைப் பார்க்கவில்லை. பார்த்தால் குட்டியும் பார்த்துவிடும். அசைந்துவிடும். பூதலிங்கத்தை மட்டும் பார்த்துச் சொன்னாள்: "நிழல் முறைக்கு ஆள் பத்தலைன்னாங்க. என்னையும் போட்டுக்கிடுங்க சார். நெரந்தரமா நிக்கேன்."

பூதலிங்கம் சிரித்துவிட்டார். பன்றிகளும் சிரித்தன. பெரியநாயகிக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

"நீயா? ஏளா, ஒன் நெழல் எம்மாத்திரம்? ஒரு கல்லுக்கு மேல மூடுமா?"

"ஒரு கல்லுக்குப் போதும் சார்."

ஆள் பற்றாக்குறை இருந்தது உண்மை. பூதலிங்கம் எழுதிக்கொண்டார். அரியநாச்சி நடந்து வந்து தன் இடத்தில் நின்றாள். வெயில் ஏறியது. அவள் ஒரு பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து, நிழலை இழுத்துச் சரிசெய்தாள். தலை முதல் வால் வரை மூடியது.

நீதி: பிள்ளைகளே, பெரியவர்கள் எல்லாவற்றையும் உங்களுக்காகத்தான் செய்கிறார்கள். ஆகவே பிறந்து அவர்களுக்கு இடைஞ்சல் கொடுக்காதீர்கள். தவிர்க்க முடியாமல் பிறந்துவிட்டால், தும்மாதீர்கள்.